வல்கனின் வலக்கை

பர்மிங்ஹாம் என்றதும் நமக்கு இங்கிலாந்துதான் நினைவுக்கு வரும். இது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் பர்மிங்ஹாம். நகரத்துக்குத் தெற்கே ரெட் மவுண்டன் என்று நீண்டு கிடக்கும் ஒரு குன்று. மண்ணோடு கலந்த இரும்புத் தாதுதான் அதற்கு அந்தச் சிவப்பையும் பெயரையும் கொடுத்தது. குன்றின் மேல் ஒரு பூங்கா, பூங்காவின் நடுவே 124 அடி உயரத்தில் கல்லால் எழுப்பிய பீடம், பீடத்தின் மேல் 56 அடி உயர இரும்புக் கொல்லன். இடக்கை பட்டடைமேல் சாய்த்த சம்மட்டியைப் பற்றியிருக்கிறது. வலக்கை வானத்தை நோக்கி நீண்டிருக்கிறது. அந்தக் கையில், அப்போதுதான் அடித்து முடித்த ஈட்டிமுனை ஒன்று. முனை சரியாக வந்திருக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்கிறான்.

ரோமானியர்களின் நெருப்புக்கும் உலைக்கும் உரிய தெய்வமான வல்கன் இவன். வார்ப்பிரும்பில் செய்த சிலைகளில் உலகிலேயே பெரியது இதுதான். இன்று போய்ப் பார்ப்பவர்களுக்கு, நூறாண்டுக்கு மேலாக இவன் இதே இடத்தில் இதே ஈட்டிமுனையோடு நிற்கிறான் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. ஐஸ்கிரீம் கூம்பு, குளிர்பானப் பாட்டில், ஊறுகாய் விளம்பரம், சாலை விபத்துகளை அறிவிக்கும் நியான் விளக்கு என்று அந்த வலக்கை ஏந்தாதது குறைவு. எந்தக் காலத்தில் அந்தக் கையில் எதை வைத்தார்கள் என்று பார்த்தாலே பர்மிங்ஹாமின் வரலாறு பெரும்பாலும் தெரிந்துவிடும். மிச்சத்தைத் தெரிந்துகொள்ள, எதை வைக்கவில்லை என்றும் பார்க்க வேண்டும்.

பர்மிங்ஹாம் பழைய நகரமல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1871-இல், இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கும் இடத்தில் எழுந்தது. இரும்பு உருக்கத் தேவையான தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் சில மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைத்தன. இப்படி அமைவது அபூர்வம். முப்பது ஆண்டுகளில் ஊர் வளர்ந்த வேகத்தைப் பார்த்து ‘மேஜிக் சிட்டி’ என்றே அழைத்தார்கள்.

அந்த மாயத்தில் நிலத்தின் பங்கு பாதிதான். மறுபாதி, கூலி இல்லாத உழைப்பு. அலபாமா அரசு தன் சிறைக் கைதிகளைச் சுரங்க முதலாளிகளுக்கு வாடகைக்கு விட்டது. வேலையில்லாமல் திரிந்தான் என்பது போன்ற சில்லறைக் குற்றங்களுக்குப் பிடிபட்ட கறுப்பின ஆண்கள் ஆயிரக்கணக்கில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இறக்கப்பட்டார்கள். 1911 ஏப்ரலில் பேனர் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் இறந்தவர்கள் 128 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படி வாடகைக்கு வந்த கறுப்பினக் கைதிகள். அமெரிக்க மாநிலங்களிலேயே கடைசியாக, 1928-இல்தான் அலபாமா இந்த முறையைக் கைவிட்டது. வல்கனைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் போனால், சிலையின் பாதி எடையை மறைத்ததாகும்.

1904-இல் மிசோரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பெரிய உலகக் கண்காட்சி நடக்கவிருந்தது. தங்கள் ஊர் இரும்பின் புகழைப் பரப்ப எதையாவது பிரம்மாண்டமாகச் செய்ய வேண்டும் என்று பர்மிங்ஹாம் வணிகர்கள் நினைத்தார்கள். அலபாமா மாநிலப் பொருட்காட்சியை நடத்திவந்த ஜேம்ஸ் மேக்நைட் யோசனை சொன்னார். வணிகர் சங்கம் ஏற்றுக்கொண்டது. இத்தாலியின் சியெனாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்திருந்த சிற்பி ஜூசப்பே மொரெட்டி பொறுப்பை எடுத்துக்கொண்டார். கண்காட்சி தொடங்கச் சில மாதங்களே இருந்தன. அவ்வளவு உயர மாதிரியை நிறுத்தி வைக்க இடம் கிடைக்காமல், நியூ ஜெர்சியில் கட்டி முடியாமல் நின்ற ஒரு தேவாலயத்துக்குள் களிமண்ணில் உருவத்தைச் செய்தார். அதிலிருந்து எடுத்த பிளாஸ்டர் அச்சுகள் ரயிலில் பர்மிங்ஹாம் வந்தன. ஸ்லாஸ் உலைகளின் இரும்பை உருக்கி, ஊர்ப் பவுண்டரியிலேயே துண்டு துண்டாக வார்த்தார்கள். மொத்த எடை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. தலை மட்டும் சுமார் 5 டன்.

இந்த வேலையின் நேர்த்தியை இங்கே சொல்லியாக வேண்டும். உள்ளே எலும்புக்கூடு போன்ற தாங்கு சட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு துண்டின் உள்விளிம்பிலும் மடிப்பு விட்டு, துண்டோடு துண்டைப் போல்ட்டால் முடுக்கினார்கள். இரும்பு தன் எடையைத் தானே தாங்கி நின்றது. வெண்கலம் அளவுக்கு வளைந்துகொடுக்காத, அடித்தால் உடையக்கூடிய வார்ப்பிரும்பில் 56 அடி மனிதனைச் சில மாதங்களில் நிமிர்த்தியவர்கள் சாதாரணத் தொழிலாளிகள் அல்லர். சிற்பியின் பெயர் இன்று எல்லாருக்கும் தெரிகிறது. அச்சு மண்ணை இடித்துத் திணித்தவர்கள், உருகிய இரும்பை ஊற்றியவர்கள் பெயர்களை யாரும் சொல்வதில்லை.

1904 ஜூன் 7 அன்று செயின்ட் லூயிஸில் வல்கனை முறைப்படி அர்ப்பணித்தார்கள். சுரங்கத் தொழிலுக்கான மண்டபத்தில் கூரையை முட்டுவது போல நின்றான். கண்காட்சியின் உயர்ந்த பரிசையும் பெற்றான். அன்று அவன் கையில் ஈட்டிமுனைதான் இருந்தது. எங்கள் இரும்பால் எதையும் செய்யலாம் என்று மற்ற நகரங்களுக்குச் சொன்ன ஈட்டிமுனை அது. கண்காட்சி முடிந்ததும், சிலையைக் கொடுத்துவிடுங்கள் என்று வேறு நகரங்கள் கேட்டன. பர்மிங்ஹாம் கொடுக்கவில்லை.

கொடுக்க மனமில்லாதவர்கள் வீட்டுக்கு வந்தவனை எப்படி வைத்துக்கொண்டார்கள்? 1905 தொடக்கத்தில் வல்கன் ரயிலில் திரும்பினான். சரக்குக் கட்டணம் பாக்கி நின்றது. துண்டுகளை ரெட் மவுண்டன் அருகே தண்டவாளத்தின் ஓரத்தில் இறக்கிப் போட்டுவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் தலை ஒருபுறம், கால் ஒருபுறமாக மழையில் கிடந்தான். நகரின் நடுவே, அப்போது கேப்பிடல் பார்க் என்று அழைக்கப்பட்ட பூங்காவில் நிறுத்தலாம் என்ற யோசனைக்கு எதிர்ப்பு கிளம்பியது. முன்னால் ஓர் ஏப்ரன், பின்னால் ஒன்றுமில்லை என்ற கோலம் பலருக்குப் பிடிக்கவில்லை. அதே 1905-இல், அதே பூங்காவில், அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படைவீரர்களின் நினைவாக ஒரு கல்தூணைத் திறந்துவைத்தார்கள். தங்கள் சோற்றுக்கு வழி செய்த இரும்புக்கு இடமில்லை, தோற்றுப்போன போருக்கு நடுநாயகமான இடம். அந்த ஊர் அன்று எதைப் போற்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

1906-இல் பொருட்காட்சித் திடலில் வல்கனைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். வலக்கையைத் தவறாகப் பொருத்தியதில் ஈட்டிமுனையைப் பிடிக்க முடியாமல் போயிற்று. சும்மா இருந்த கையை விளம்பரக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐஸ்கிரீம், கோகோ கோலா, ஹெய்ன்ஸ் ஊறுகாய் என்று முறை வைத்து வந்தன. உடம்புக்குத் தோல் நிறச் சாயம் பூசினார்கள். ஒரு கட்டத்தில் தொழிலாளர் அணியும் ஓவரால் உடையையும் வரைந்து மாட்டிவிட்டார்கள். தற்காலிகம் என்றது முப்பது ஆண்டுகள் நீண்டது. திருவிழா முடிந்தும் நிலைக்கு வராமல் நடுவீதியில் நின்றுவிட்ட தேர் போல இருந்தது அவன் கதை.

இதே காலத்தில் ஊரின் இரும்பும் ஏறத்தாழ இதே நிலையில்தான் இருந்தது. நகரின் பெரிய நிறுவனமான டென்னசி நிலக்கரி இரும்பு நிறுவனத்தை 1907-இல் யு.எஸ். ஸ்டீல் வாங்கிவிட்டது. பர்மிங்ஹாமில் உருக்கிய எஃகையும் வடக்கே பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தது போலக் கணக்குப் போட்டு, இல்லாத பயணத்துக்கும் கட்டணம் சேர்த்து விற்கும் விலை முறை நடைமுறையில் இருந்தது. பர்மிங்ஹாமுக்கெனத் தனிக் கூடுதல் தொகையும் வைத்தார்கள். 1924-இல் மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்ட பிறகுதான் இந்த முறைக்குத் தடை வந்தது. மலிவாக உருக்க முடிந்தும் மலிவாக விற்க முடியாத ஊர். தன் சிலையின் கையில் ஊறுகாயைப் பார்த்தும் அது வெட்கப்படாமல் இருந்ததற்கு, பணம் யார் கையில் இருந்தது என்பதும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் உலைகள் அணைந்தன, சுரங்கங்கள் மூடின. அந்தப் பஞ்ச காலம்தான் வல்கனைக் காப்பாற்றியது. வேலையற்றவர்களுக்கு வேலை கொடுக்க ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய டபிள்யூ.பி.ஏ. திட்டத்தின் கீழ், உள்ளூர் கிவானிஸ் சங்கத்தின் முயற்சியால், ரெட் மவுண்டன் மேல் ஒரு பூங்கா அமைக்க முடிவானது. சுரங்க நிறுவனமே நிலத்தைக் கொடுத்தது. வேலை தேடி நின்றவர்கள் கல் அடுக்கிப் பீடத்தைக் கட்டினார்கள். துண்டுகள் மலையேறின. தொலைந்துபோன ஈட்டிமுனைக்குப் பதிலாகப் புதியது ஒன்றைச் செய்தார்கள். 1939 மே மாதத்தில் பூங்கா திறக்கப்பட்டது. வல்கன் தான் பிறந்த தாதுவின் மேலேயே, அதைத் தோண்டிய சுரங்கங்களின் மேலேயே, நின்றான். மொரெட்டி அதைப் பார்க்கவில்லை. 1935-இல் இத்தாலியில் இறந்துவிட்டார்.

மலை உச்சியில் காற்று பலம். சாய்ந்துவிடக் கூடாது என்று அந்த 1930-களின் பொறியாளர்கள் சிலையின் உள்ளே மார்பு உயரம் வரை கான்கிரீட்டைக் கொட்டி நிரப்பினார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அதன் விலை அறுபது ஆண்டு கழித்துத் தெரிந்தது.

1946-இல் ஜூனியர் சேம்பர் ஆஃப் காமர்ஸ் என்ற ஜேசீஸ் அமைப்பு, சாலைப் பாதுகாப்புப் பிரசாரத்துக்காக ஈட்டிமுனை இருந்த இடத்தில் ஒரு நியான் தீப்பந்தத்தைப் பொருத்தியது. விளக்கு பச்சையாக எரிந்தால் நகரத்தில் கடந்த 24 மணி நேரத்தில் சாலை விபத்தில் யாரும் இறக்கவில்லை. சிவப்பாக எரிந்தால் யாரோ இறந்திருக்கிறார்கள். மலைமேல் இருந்ததால் ஊர் முழுவதும் தெரிந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் பர்மிங்ஹாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வல்கன் என்றால் அந்த விளக்குதான். காரின் பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, இன்று பச்சையா சிவப்பா என்று சொல்வது இரவுப் பயணத்தின் வழக்கமாயிற்று. முகம் தெரியாத ஒருவர் சாவுக்காக ஊரே ஒரு விநாடி தலை நிமிர்ந்து பார்த்தது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆனால் அந்த விளக்கு எந்தச் சாவுகளை எண்ணியது? 1940-களின் பிற்பகுதியிலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை கறுப்பினத்தவரின் வீடுகளிலும் தேவாலயங்களிலும் ஏறக்குறைய ஐம்பது குண்டுகள் வெடித்தன. பூங்காக்களில் நிறப் பாகுபாடு கூடாது என்று மத்திய நீதிமன்றம் சொன்னதும், கறுப்பினத்தவரை உள்ளே விடுவதற்குப் பதிலாகப் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், நீச்சல் குளங்களையே 1962 தொடக்கத்தில் மூடியது நகர ஆட்சி. 1963 மே மாதம், கெல்லி இன்கிராம் பூங்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்மேல் போலீஸ் நாய்கள் ஏவப்பட்டன. தீயணைப்புக் குழாய்கள் திருப்பிவிடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தப் பூங்காவின் எதிரே இருக்கும் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெடித்த குண்டில் ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனீஸ் மெக்நேர் என்ற நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. வல்கன் கையில் இருந்த விளக்கின் கணக்கில் இந்தச் சாவுகள் வராது. சாலையில் இறந்தால்தான் சிவப்பு. சுரங்கத்தில் இறந்த 128 பேருக்கும் எந்தக் காலத்திலும் எந்த விளக்கும் எரிந்ததில்லை.

நகரம் நூறாண்டைக் கொண்டாடிய 1971-இல் பூங்காவைப் புதுப்பித்தார்கள். அதைப் புதுப்பித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழிலாளர்கள் அடுக்கிய கரடான மணற்கல் பீடத்தைப் பளிங்குக் கல்லால் போர்த்தினார்கள். லிஃப்ட் வைத்தார்கள். சிலையின் காலடியில் மூடிய பார்வைக்கூடம் கட்டி, கீழே நிற்பவர்களுக்குச் சிலையை மறைத்தார்கள். அதே ஆண்டுதான் ஸ்லாஸ் உலைகளும் அணைந்தன. வல்கனின் உடம்புக்கு இரும்பு கொடுத்த உலை குளிர்ந்தபோது, அவனைச் சுற்றி நவீனத் தோற்றத்துக்காகப் பளிங்கு பூசிக்கொண்டிருந்தார்கள்.

1990-களில் உடம்பில் விரிசல்கள் கண்ணுக்குத் தெரிந்தன. வெயிலில் இரும்பு விரியும் அளவும் கான்கிரீட் விரியும் அளவும் வேறு வேறு. இரண்டும் உள்ளே ஒன்றையொன்று நெருக்கின. மேலிருந்து இறங்கிய மழைநீர் போக வழியின்றித் துருவை வளர்த்தது. துண்டு பெயர்ந்து கீழே நிற்பவர் தலையில் விழும் அபாயம் வந்தது. 1999-இல் பூங்காவை மூடி, வல்கனை மறுபடி துண்டு துண்டாக இறக்கினார்கள். உள்ளிருந்த கான்கிரீட்டை உடைத்து எடுப்பதுதான் பெரும்பாடு. அலெக்சாண்டர் சிட்டியில் இருக்கும் ராபின்சன் அயர்ன் நிறுவனம் துண்டுகளைச் செப்பனிட்டது. பழுதானவற்றை மீண்டும் வார்த்தது. உள்ளே எஃகுச் சட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். பளிங்கு உரிக்கப்பட்டு 1930-களின் கல் மறுபடி வெளியே வந்தது.

விளக்கை என்ன செய்வது என்பதில் ஊர் இரண்டுபட்டது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் விடவேண்டாம் என்றார்கள். சிற்பி வைத்த ஈட்டிமுனைதான் வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். ஈட்டிமுனை வென்றது. விளக்கு பூங்காவின் அருங்காட்சியகத்துக்குப் போனது. 2004-இல், செயின்ட் லூயிஸில் நின்ற நூறாவது ஆண்டில், பூங்கா மறுபடி திறந்தது.

இன்று வல்கன் நிமிர்ந்து நிற்கும் ஊர் இரும்பு உருக்கும் ஊர் அல்ல. பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும்தான் இன்று அங்கே பெரிய வேலைவாய்ப்பு. 1960-இல் 3,40,887 பேர் வாழ்ந்த நகரத்தில் 2020 கணக்கெடுப்பின்படி 2,00,733 பேர். 1979-இல் ரிச்சர்ட் ஆரிங்டன் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கேப்பிடல் பார்க் இப்போது லின் பார்க். 1905-இல் அங்கே திறந்த தென்மாநிலப் படைவீரர் தூண் 2020 ஜூனில், மேயர் ராண்டல் வுட்ஃபின் காலத்தில், இறக்கப்பட்டது. கெல்லி இன்கிராம் பூங்காவில், பாய்ந்து வரும் நாய்களும் அவற்றின் நடுவே நடக்கும் பாதையும் உலோகச் சிற்பங்களாக நிற்கின்றன. மண்டியிடும் போதகர்களும் சிறை செல்லத் துணிந்த பிள்ளைகளும் அங்கே சிலையாகியிருக்கிறார்கள். வல்கன் அண்ணாந்து பார்க்க வேண்டிய சிலை. இவை நம் உயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை.

ஈட்டிமுனையைத் திருப்பிக் கொடுத்தது சரி என்பதே என் முடிவு. விளக்கின்மேல் ஊருக்கு இருந்த பாசம் பொய்யல்ல. ஆனாலும் ஒரு கொல்லன் கையில் இருக்க வேண்டியது அவன் செய்த பொருள்தான். சிற்பி நினைத்ததும் அதுதான். பளிங்கை உரித்துத் தொழிலாளர் அடுக்கிய கல்லை வெளியே கொண்டுவந்தது அதைவிடச் சரி. ஆனால் அந்த ஈட்டிமுனையை ஒரு தெய்வம் தனியாக அடித்துவிடவில்லை. ரெட் மவுண்டனுக்குள் தாது வெட்டியவர்களும், வாடகைக்கு விடப்பட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் மடிந்த கைதிகளும், ஸ்லாஸ் உலைகளின் அனலில் நின்றவர்களும் அதில் இருக்கிறார்கள்.

அட்லாண்டாவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம்மவர்கள் பலர். அங்கிருந்து பர்மிங்ஹாம் இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம்தான். போனால், வல்கனோடு படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். மலையிலிருந்து இறங்கி ஸ்லாஸ் உலைகளுக்குப் போங்கள். 1983 முதல் அது அருங்காட்சியகம். பிறகு கெல்லி இன்கிராம் பூங்காவில் அந்த நாய்களின் நடுவே ஒருமுறை நடந்து பாருங்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.